பழைய லேப்டாப் போதும், அவசரம்தான் வேண்டாம்

“அக்கா, கேசட்டைக் கன்வெர்ட் பண்ணப் போட்டா பாதியிலேயே லேப்டாப் சூடாகி அணைஞ்சுபோகுது. புதுசு வாங்கினாத்தான் ஆகுமா?”

ஓடைப்பட்டியில் வீடியோ மிக்ஸிங் செய்கிற என்னிடம் இப்போது அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அப்பத்தாவின் பெட்டியிலிருந்தோ வீட்டுப் பரணிலிருந்தோ கிடைத்த கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். எல்லோருக்கும் என் பதில் ஒன்றே: புதிது வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற லேப்டாப்பே இந்த வேலைக்குப் போதும். அதன் பிராசசரை எவ்வளவு ஓடவிடுவது, எப்போது ஓடவிடுவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று மண்டபம் மண்டபமாகப் போய்ப் படம் எடுத்து வருவது என் கணவரின் வேலை. அதை வெட்டிச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. சில வருடங்களாகப் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றித் தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் தொண்ணூறுகளில் வீடியோ இல்லாத விசேஷம் குறைவு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று எல்லாமே கேசட்டில் ஏறின. தாய்மாமன் சீர்த்தட்டு தெருவை அடைத்துக்கொண்டு வருவதிலிருந்து பந்தியில் இலை எடுப்பது வரை மூன்று மணி நேரம் ஓடும்.

அந்த மூன்று மணி நேரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இல்லை. ஓட்டு வீடுகள் இருக்கின்றன. கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல் பின்னால் தெரிகிறது. இன்று உயிரோடு இல்லாத பெரியப்பாவும் அம்மாச்சியும் பேசுகிற குரல் இருக்கிறது. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா எங்கள் பக்கத்து மண்ணை உலகத்துக்குக் காட்டினார். ஆனால் எங்கள் வீட்டு முகங்கள் எந்தப் படத்திலும் இல்லை, இந்தக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன.

அவற்றுக்கு நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இந்தக் கேசட்டுகள் விஎச்எஸ் வகை; அது 1976-ல் ஜப்பானில் ஜேவிசி நிறுவனம் கொண்டுவந்த முறை. அதை ஓட்டும் டெக்குகளைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2019-ல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாக்களை ஓட்டிப் பார்க்கும் கருவிகள் 2025 வாக்கில் சாதாரணமாகக் கிடைக்காமல் போகும் என்பது அதன் சாரம். அந்த வருடத்தை நாம் கடந்துவிட்டோம். பரணில் கிடக்கும் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. டெக் பழுதானால் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் அருகிவிட்டார்கள்.

இப்படி நேரம் குறைவாக இருக்கும்போதுதான், “புதுக் கம்ப்யூட்டர் வாங்கினா மாத்திக்கலாம்” என்று குடும்பங்கள் வேலையைத் தள்ளிப்போடுகின்றன. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஒரு லேப்டாப் வாங்கும் பணம் திராட்சைக்கு விலை வந்தால்தான் கையில் நிற்கும். அதுவரை நாடா காத்திருக்காது.

அதே வீட்டு அலமாரியில், பெரும்பாலும், ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் மூலம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதை, “இது ரொம்ப ஸ்லோ, இனி எதுக்கும் ஆகாது” என்று சார்ஜரோடு சுற்றி வைத்துவிட்டார்கள். இன்றைய விளையாட்டுகளுக்கு அது ஆகாமல் இருக்கலாம். ஒரு விஎச்எஸ் கேசட்டுக்கு அது தாராளமாக ஆகும்.

ஏன் ஆகும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். நம் நாட்டில் பயன்பட்ட ‘பால்’ (PAL) வீடியோ முறையில் கேசட் படத்தைக் கோப்பாக எடுத்தால் ஒரு சட்டகம் 720-க்கு 576 புள்ளிகள். அதாவது 4,14,720 புள்ளிகள். வினாடிக்கு 25 சட்டகம். மூன்று மணி நேரக் கேசட்டில் 2,70,000 சட்டகங்கள். கன்வெர்ட் செய்யும் மென்பொருள் ஒவ்வொரு சட்டகத்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் இருக்கும் உருவம் முந்தைய சட்டகத்தில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. கிடைத்தால் படத்தை மறுபடி எழுதாமல், எவ்வளவு நகர்ந்தது என்பதையும் மீதி வித்தியாசத்தையும் மட்டும் குறித்துவைக்கிறது. 2003-ல் வந்த எச்.264 முறையின் அடிப்படை இதுதான். கோப்பு சின்னதாவதும் இதனால்தான், பிராசசர் திணறுவதும் இதனால்தான்.

தேடல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேலை. அதனால் இந்த மென்பொருள்கள் பிராசசரில் எத்தனை கோர் சும்மா இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. டாஸ்க் மேனேஜரில் நூறு சதவீதம் என்று காட்டுவது கோளாறு இல்லை, வைரஸும் இல்லை. கொடுத்த வேலையை அது முழுமூச்சாகச் செய்கிறது, அவ்வளவுதான். நல்ல காற்றோட்டமும் பெரிய விசிறியும் உள்ள மேசைக் கம்ப்யூட்டர் நாள்முழுக்க நூறு சதவீதத்தில் ஓடினாலும் ஒன்றும் ஆகாது.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. எங்கள் ஊர்த் தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லும்போது கிணற்றைத்தான் காட்டுவேன். கிணற்றில் ஊறுகிற வேகத்துக்கு மேல் மோட்டாரை ஓட்டினால் தண்ணீர் அற்றுப்போய் மோட்டார் வெறுமனே சுற்றும், கருகும். ஊற்றின் வேகம் தெரிந்து ஓட்டினால் இரவெல்லாம் பாயும். லேப்டாப்பில் ஊற்று என்பது விசிறி வெளியே தள்ளுகிற சூடு. உள்ளே உண்டாகிற சூடு அதைவிட அதிகமானால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பல இன்டெல் பிராசசர்களுக்கு அந்த எல்லை சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதற்கும் மேலே போனால் தானே அணைந்துவிடும். பத்து வருடமாகத் தூசி அடைத்த விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை, சித்திரை வெயில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் எல்லாம் சேர்ந்தால் அணையாமல் என்ன செய்யும்? முதலில் கேள்வி கேட்ட பிள்ளையின் லேப்டாப் அணைந்ததற்கு அது பழையது என்பது காரணமில்லை. அதன் மூச்சுக்கு மேல் ஓடவிட்டதுதான் காரணம்.

இனி செய்ய வேண்டியது. இதில் எதற்கும் காசு செலவில்லை.

முதலில், பிராசசரின் உச்ச வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குள் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்’ என்ற வரியைத் தேடுங்கள். சில புது லேப்டாப்களில் இது மறைந்திருக்கும், பழையவற்றில் கண்ணில் படும். நூறு என்று இருப்பதை 99 ஆக்கினாலே பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ வேகம் நின்றுவிடும். சூடு கண்கூடாகக் குறையும். அதுவும் போதாவிட்டால் 80-க்கு இறக்குங்கள்.

“எண்பதுக்கு இறக்கினா லேட்டாகுமே அக்கா?” என்பார்கள். ஆகும். ஆனால் இழப்பதைவிட மிச்சமாவது அதிகம். பிராசசர் சிப்பின் மின்செலவு அதன் வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தமும் குறையும். வேகம் 20 சதவீதமும் அழுத்தம் 10 சதவீதமும் குறைந்தால், 0.8-ஐ 0.81-ஆல் (0.9-ஐ 0.9-ஆல் பெருக்கியது) பெருக்கிப் பாருங்கள்: சுமார் 0.65 வருகிறது. சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வேலை நேரமோ கால் பங்குதான் கூடுகிறது. ஒரு பழைய லேப்டாப் வினாடிக்கு 20 சட்டகம் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரக் கேசட் மூன்றே முக்கால் மணி நேரத்தில் முடியும். வரம்பு வைத்த பிறகு நாலே முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியுமுன் முடிந்திருக்கும். தூங்குகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு நஷ்டமா?

இரண்டாவது, முன்னுரிமையைக் குறைப்பது. பகலில் அதே லேப்டாப்பில் வேறு வேலையும் பார்க்க வேண்டுமானால், டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்துக்குப் போய், கன்வெர்ட் செய்யும் நிரலின் மேல் வலது கிளிக் செய்து, ‘செட் பிரியாரிட்டி’யில் ‘பிலோ நார்மல்’ என்று மாற்றுங்கள். நீங்கள் டைப் அடிக்கும்போது அது ஒதுங்கி நிற்கும், நீங்கள் கையை எடுத்ததும் மீண்டும் ஓடும். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் போட்டுக் கொடுத்தார்கள். லினக்ஸில் இதே காரியத்துக்கு ‘நைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. மைனஸ் 20 முதல் 19 வரை எண் கொடுக்கலாம். 19 கொடுத்தால் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நிற்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: முன்னுரிமையைக் குறைத்தால் லேப்டாப் தொங்காது, ஆனால் சூடு குறையாது. வேறு யாரும் கேட்காதபோது அது பழையபடி நூறு சதவீதம் ஓடும். சூட்டுக்கு மருந்து முதலில் சொன்ன வரம்புதான்.

மூன்றாவது, கோர்களின் எண்ணிக்கை. அதே டாஸ்க் மேனேஜரில் ‘செட் அஃபினிட்டி’ என்ற இடத்தில் நாலு கோரில் மூன்றை மட்டும் கொடுக்கலாம். கட்டளை வரியில் எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துகிறவர்கள் ‘திரெட்ஸ்’ எண்ணை அங்கேயே குறைத்துவிடலாம். எஃப்எஃப்எம்பெக் 2000-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவச மென்பொருள். உலகத்தில் வீடியோவைத் தொடுகிற எத்தனையோ நிரல்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். கட்டளை எழுத விரும்பாதவர்களுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது, அதுவும் இலவசம்.

நான்காவது, தேவையில்லாத வேலையைப் பிராசசரின் தலையில் கட்டாமல் இருப்பது. இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்வேன். கேசட்டைக் கொண்டுவருகிறவர்களில் பலர், “ஃபுல் எச்டியா மாத்திக் குடுங்க” என்கிறார்கள். விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டமாகத் தெளிவாக இருப்பது சுமார் 240 கோடுகள்தான். அதை 1920-க்கு 1080 ஆக்கினால் ஒரு சட்டகத்துக்கு 20,73,600 புள்ளிகள், இருந்ததைப்போல் ஐந்து மடங்கு. பிராசசருக்கு வேலை ஐந்து மடங்கு, சூடும் அதற்கேற்ப. அம்மாச்சியின் முகத்தில் ஒரு கோடுகூடப் புதிதாகத் தெரியாது. எடுத்த அளவிலேயே வையுங்கள். டிவியே அதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொள்ளும்.

அதேபோல, எல்லாக் கோப்பையும் கன்வெர்ட் செய்யத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2010 வாக்கில் வந்த சிறு கேம்கார்டர்கள் எம்டிஎஸ் என்ற பெயரில் சேமித்த கோப்புகளுக்குள் இருப்பது பெரும்பாலும் எச்.264 தான். டிவியில் ஓடவில்லை என்பதற்காக மணிக்கணக்கில் மாற்றுகிறார்கள். படத்தைத் தொடாமல் கோப்பின் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். எஃப்எஃப்எம்பெக்கில் அதற்கு ‘காப்பி’ என்று ஒரு சொல் கொடுத்தால் போதும். சில நிமிடத்தில் முடியும், பிராசசர் சூடாகவே ஆகாது, படத்தின் தரமும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கன்வெர்ட்டிலும் தரம் கொஞ்சம் குறைகிறது. செய்யாமல் விட்ட கன்வெர்ட்தான் எல்லாவற்றிலும் சிறந்தது.

ஐந்தாவது, கேப்சர், அதாவது டெக்கில் ஓடும் படத்தை லேப்டாப்பில் பிடிக்கும் வேலை, நடக்கும்போது வேறு எதையும் ஓடவிடாதீர்கள். டெக்கிலிருந்து படம் வரும்போது அது நிற்காது. வினாடிக்கு 25 சட்டகம் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிராசசர் இன்னொரு கோப்பை மாற்றிக்கொண்டிருந்தால் சில சட்டகங்களைப் பிடிக்க முடியாமல் தவறவிடும். படம் துள்ளும், போகப்போகப் பேச்சுக்கும் வாயசைவுக்கும் பொருந்தாது. மறுபடி ஓட்டலாமே என்றால், நலிந்த நாடா இன்னொரு முறை தாங்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முதலில் எளிய வடிவத்தில் பெரிய கோப்பாகப் பிடித்துவிடுங்கள். வட்டில் இடம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை. அதைச் சின்னதாக்கும் வேலையை இரவில் தனியாகச் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் பழைய லேப்டாப்பால் முடியாத காரியம்.

ஆறாவது, மின்வெட்டுக்குத் தயாராக இருப்பது. ஆடிக் காற்றில் எங்கள் பள்ளத்தாக்கில் எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது. பழைய லேப்டாப்பில் பேட்டரியும் நிற்காது. எம்பி4 கோப்புக்கு அதன் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். தொண்ணூறு சதவீதத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு திறக்காது, மூன்று மணி நேர வேலை வீண். அதனால் எம்கேவி வடிவத்தில் மாற்றுங்கள். பாதியில் நின்றாலும் அதுவரை எழுதியது ஓடும். முடிந்த பிறகு, மேலே சொன்ன ‘காப்பி’ முறையில் எம்பி4 உறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றோடு கையால் செய்யும் வேலையும் உண்டு. லேப்டாப்பை மரப்பலகைமேல், பின்பக்கம் சற்று உயர்த்தி வையுங்கள். விசிறித் துளையைத் துடையுங்கள். தெரிந்தவர் ஒருவரை வைத்துத் திறந்து தூசி எடுத்து, வெப்பப் பசையை மாற்றினால் இன்னும் நல்லது. நாலு கேசட் இருந்தால் நாலையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்று முடிந்து மற்றொன்று என்று வரிசையில் நிறுத்துங்கள். ஒன்றாகப் போட்டாலும் மொத்த நேரம் அவ்வளவாகக் குறையாது.

மின்கட்டணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 40 வாட் எடுக்கிற லேப்டாப் பத்து மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிற மாநிலத்தில் இது ஒரு தடையே இல்லை.

இன்னொரு வழியையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2011-க்குப் பிறகு வந்த பல இன்டெல் பிராசசர்களில் ‘குவிக் சிங்க்’ என்று வீடியோவுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 2012 முதல் அதேபோன்ற வசதி உண்டு. அதில் விட்டால் பிராசசருக்கு வேலை மிகக் குறைவு, நேரமும் குறைவு. ஆனால் அந்தக் காலத்துச் சிப்களில், அதே கோப்பு அளவுக்குக் கிடைக்கும் தரம் மென்பொருள் வழியில் கிடைப்பதைவிடக் குறைவு. விஎச்எஸ் போன்ற பொரிப்பொரியான படத்தில் அது நன்றாகவே தெரியும். துபாயில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு துண்டு அனுப்ப அது போதும். பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகிற கோப்புக்கு, பிராசசரே மெதுவாகச் செய்யட்டும். ஹேண்ட்பிரேக்கில் ‘ஸ்லோ’ என்று வைத்து, தர எண்ணை 20 வாக்கில் வைத்தால் எனக்குத் திருப்தியான படம் வருகிறது.

இணையத்தில் இலவசமாகக் கன்வெர்ட் செய்து தருகிற தளங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் சடங்கு வீடியோவை முகம் தெரியாதவரின் சர்வரில் ஏற்றுவது எனக்கு ஒப்பாது. நம் லேப்டாப்பில், நம் வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை இது.

“காலத்துக்கேற்ற மெஷின் வாங்காமல் பழசைத் தூக்கிப் பிடிப்பதா?” என்று என் தொழில்காரர்கள் சிலர் கேட்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வைகாசி முகூர்த்தங்களில் தினம் ஒரு கல்யாணம் எடுத்து, 4கே-யில் மிக்ஸிங் செய்து வாரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஸ்டுடியோவுக்கு வேகமான மெஷின் தேவை. அது பிழைப்பு. ஆனால் வீட்டில் இருக்கிற நாலைந்து கேசட்டை மாற்ற நினைப்பவருக்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய கெடு இல்லை. எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாலும் டெக்கில் மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம்தான் ஓடும். அங்கே மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. வேகத்துக்காகக் காசு செலவழிப்பதைவிட, நாடாவைத் துடைத்துத் தயார் செய்யவும் முடிந்த கோப்புக்கு இரண்டு பிரதி வைக்கவும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.

இதைத் தனித்தனி வீட்டுக் காரியமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னாக்கம் செய்து எல்லோரும் படிக்க வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில் ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றியிருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. எந்தப் பிரதி எப்போது அழியும் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தீ வைக்க யாரும் வரவில்லை. பரணில் இருந்தபடியே நம் நாடாக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன.

அரசிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். அதோடு அந்தக் கருவியைப் பேணும் பாடத்தையும் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் என்ன தெரிகிறது, சூடு எங்கிருந்து வருகிறது, வேகத்துக்கு வரம்பு வைப்பது எப்படி, தூசி எடுப்பது எப்படி என்பதை ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சியில் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம். மூன்று வருடத்தில் மூலையில் போடும் லேப்டாப் பத்து வருடம் உழைத்தால் அது அரசுப் பணத்துக்கும் மரியாதை. மாவட்ட நூலகத்தில் ஒரு நல்ல டெக்கும் ஒரு கேப்சர் கருவியும் வைத்தால், சொந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து பிள்ளைகளே தங்கள் வீட்டுக் கேசட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பதவியும் வேண்டாம். ஒரு மேசை போதும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. இந்த விடுமுறையில் அலமாரியைத் திறந்து அந்த அரசு லேப்டாப்பை எடுங்கள். தூசியைத் துடைத்து, வேகத்துக்கு வரம்பு வையுங்கள். பரணில் இருக்கிற கேசட்டுகளை இறக்கி, எது மிகப் பழையதோ அதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டும்போது அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். திரையில் வருகிற ஒவ்வொருவரும் யார், எந்த ஊர், என்ன உறவு என்று அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். லேப்டாப் மெதுவாக ஓடட்டும். கேசட்டை எடுக்கிற வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.